பழங்கல்லும் அதன் படிகளும்

தஞ்சை அரண்மனையின் கீழைத் திருமஞ்சன சாலையில் இருந்தபடி, தன் 26ஆம் ஆட்சியாண்டின் 20ஆம் நாள், சோழ மன்னன் ராஜராஜன் ஓர் ஆணையை வாய்மொழியாகப் பிறப்பித்தான். தான் எடுப்பித்த கற்றளியான தஞ்சைப் பெரிய கோயிலுக்குத் தான் கொடுத்தவை, தன் அக்கன் கொடுத்தவை, தன் தேவியர் கொடுத்தவை, மற்றவர்கள் கொடுத்தவை அனைத்தையும் ஸ்ரீவிமானத்திலேயே கல்லில் வெட்டுக என்பது அந்த ஆணை. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. அந்தப் பேரரசின் கருவூலம் எங்கே போயிற்று என்று யாருக்கும் தெரியாது. அரண்மனை நின்ற இடம் எதுவென்றே அறிஞர்கள் இன்னும் வாதிட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் ஆணை பிறந்த நாளும் சாலையின் பெயரும் அதிட்டானத்தின் கருங்கல்லில் இன்றும் வாசிக்கக் கிடைக்கின்றன. கோயிலுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் நிமிர்ந்து விமானத்தின் உச்சியைப் பார்க்கிறார்கள். முழங்காலுக்கும் மார்புக்கும் இடைப்பட்ட உயரத்தில் சுற்றிலும் ஓடும் எழுத்துகளைப் பார்க்கிறவர்கள் குறைவு. கலையையும் வரலாற்றையும் ஆராய்கிறவர்கள் மூலச் சான்று என்று எதைத் தேடி அலைகிறார்களோ அது இந்த மண்ணில் பெரும்பாலும் இப்படித்தான், நாம் கடந்து போகும் வழியிலேயே இருந்துவந்திருக்கிறது.

அந்தக் கல் சொல்லும் செய்திகளின் நுணுக்கத்தை முதன்முறை வாசிக்கிற எவரும் சற்று நேரம் பேச்சற்றுத்தான் போவார்கள். பல ஊர்த் தளிகளிலிருந்து கொண்டுவரப்பட்ட நானூறு தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்கள், அவர்கள் வந்த ஊர்கள், தஞ்சையில் அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட வீடு எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு என்ற விவரம், ஆளுக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல் என்ற கணக்கு ஆகிய எல்லாம் அங்கே உண்டு. கோயிலுக்கு வார்த்தளித்த அறுபதுக்கும் மேற்பட்ட செப்புத் திருமேனிகளின் உயரம் முழத்திலும் விரலிலும் அளந்து, கைகள் எத்தனை என்று எண்ணி, பூட்டிய அணிகலன்களை நிறுத்து எழுதியிருக்கிறார்கள். நுந்தா விளக்கு எரிய ஆடுகளைப் பெற்றுக்கொண்ட இடையர்களின் பெயர்கள்கூட இருக்கின்றன. கட்டிய தச்சனின் பெயர் வீரசோழன் குஞ்சரமல்லனான ராஜராஜப் பெருந்தச்சன். உலகின் பெருங்கட்டடங்களில் தன்னைப் பற்றி இவ்வளவு விரிவாகத் தானே சாட்சி சொல்லும் கட்டடங்கள் மிகக் குறைவு. அந்தச் சாட்சியம் பல நூற்றாண்டுகள் யாராலும் கேட்கப்படாமல் இருந்தது என்பதும் அதே அளவு உண்மை. எழுத்து மாறியது, ஆட்சி மாறியது, வாசிக்கிறவர்கள் அற்றுப்போனார்கள். கல்லில் ராஜராஜன் பெயர் அப்படியே இருக்க, தலபுராணம் கோயிலைக் கரிகாலன் கட்டியதாகச் சொன்னது. ஊரும் அதை நம்பியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் ஹுல்ஷ் என்ற ஜெர்மானியர் சென்னை அரசின் கல்வெட்டாய்வாளராக வந்து, வெங்கய்யா போன்ற நம்மவர்களின் துணையோடு அந்த எழுத்துகளை வாசித்து அச்சிட்ட பிறகுதான் கட்டியவன் தன் கட்டடத்துக்குத் திரும்பி வந்தான்.

மூலச் சான்றுகள் எப்படிப் பிழைத்து வந்தன என்பதைப் பின்னோக்கிப் பார்த்தால், ஒரே நிகழ்ச்சி வெவ்வேறு உடைகளில் திரும்பத் திரும்ப வருவதைக் காணலாம். பழையது ஒன்று அழியப் போகும் தருணத்தில் யாரோ ஒருவர் அதைப் படியெடுக்கிறார். மூலம் மறைகிறது, படி மிஞ்சுகிறது. பின்னால் வருகிறவர்களுக்கு அந்தப் படியே மூலமாகிவிடுகிறது. சோழ மன்னன் கண்டராதித்தனின் தேவியான செம்பியன் மாதேவி கணவனை இழந்த பிறகு நெடுங்காலம் வாழ்ந்து, காவிரிக் கரையின் செங்கற்றளிகளைக் கற்றளிகளாக மாற்றிக்கொண்டே போனார். திருக்கோடிக்காவில் அப்படிப் புதுப்பிக்கும்போது, பல்லவர் காலத்திலும் முற்காலச் சோழர் காலத்திலும் பொறிக்கப்பட்டு அங்கங்கே கிடந்த கல்வெட்டுகளை ஒவ்வொன்றாகப் படியெடுத்துப் புதிய சுவரில் மீண்டும் வெட்டச் செய்தார். ஒவ்வொன்றிலும், இது ஒரு பழங்கல்லின் படி என்று குறிப்பும் எழுதப்பட்டது. பழைய கற்கள் போய்விட்டன. அந்தக் குறிப்பை எழுதாமல் விட்டிருந்தாலும் அரசியை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். எழுத்தமைதியைக் கொண்டு காலத்தைக் கணிக்கும் இன்றைய ஆய்வாளருக்கோ அந்தச் சில சொற்கள் இல்லையென்றால் பல்லவ மன்னனின் பெயர் சோழர் காலத்து எழுத்தில் வருவது விளங்காத புதிராகியிருக்கும். திருமழபாடியில் ராஜராஜன் தன் 28ஆம் ஆட்சியாண்டில் விமானத்தைப் பிரித்துக் கட்ட ஆணையிட்டபோது, சுவரில் இருந்த கல்வெட்டுகளைப் புத்தகத்தில் படியெடுத்து வைக்கச் சொன்னான். அவை மீண்டும் கல்லில் ஏறியது அவன் மகன் ராஜேந்திரனின் 14ஆம் ஆண்டில். தந்தை இறந்து, மகன் கங்கை வரை படை அனுப்பி, புதிய தலைநகர் எழுப்பிய அந்தக் காலம் முழுவதும் எங்கோ ஒரு சுவடியில் அந்த வாசகங்கள் காத்துக் கிடந்தன. அவற்றை யாரோ ஒரு கணக்கர் பத்திரமாக வைத்திருந்தார். அவர் பெயர் நமக்குத் தெரியாது. ஆனால் நாம் அவருடைய வாரிசுகள்.

இந்த மரபு இடையில் எப்போதாவது முழுமையாக அறுந்ததா என்று கேட்டால் இல்லை என்றே சொல்லத் தோன்றுகிறது. நாயக்கர் காலத்தில் பெரிய கோயிலின் உட்சுற்றுச் சுவர்களில் சோழர் ஓவியங்களின் மேலேயே புதிய சுதை பூசி வேறு ஓவியங்களைத் தீட்டினார்கள். மறைத்தார்கள் என்று குறை சொல்லலாம். ஆனால் மறைத்த அந்தப் பூச்சே கீழிருந்ததைக் காற்றிலிருந்தும் கையிலிருந்தும் காப்பாற்றியது. மராட்டிய மன்னர் சரபோஜி 1803இல் தம் போன்சலே குலத்தின் வரலாற்றை அதே கோயிலில் மராத்தியில் பொறிக்கச் செய்தார். ராஜராஜன் எழுதிய வளாகத்திலேயே தானும் எழுத வேண்டும் என்று எட்டு நூற்றாண்டுகளுக்குப் பிறகு வந்த ஓர் அரசருக்குத் தோன்றியிருக்கிறது, அதுவும் ஆட்சி கையைவிட்டுக் கம்பெனியிடம் போய்விட்ட நாளில். 1858இல் லின்னேயஸ் டிரைப் என்ற படைத்துறை அதிகாரி கேமராவோடு வந்தார். விமானத்தின் அடிப்பகுதியைச் சுற்றி ஓடும் கல்வெட்டுகளைத் துண்டு துண்டாகப் படம்பிடித்து, 21 படங்களை ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக்கினார். அவருக்குத் தமிழ் எழுத்து வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. வாசிக்கத் தெரிந்தவர்கள் பிறகு வருவார்கள் என்ற நம்பிக்கை போதுமாக இருந்தது. 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து எஸ். கே. கோவிந்தசாமி, கருவறையைச் சூழ்ந்த அந்த இருட்டுச் சுற்றில் நாயக்கர் பூச்சு உதிர்ந்த இடத்தில் சோழர் வண்ணங்களைக் கண்டார். ஒரே கோயிலுக்கு எழுதியவர், மூடியவர், சேர்த்தெழுதியவர், படம்பிடித்தவர், வாசித்தவர், பூச்சுக்குக் கீழே பார்த்தவர் என்று ஒருவர் பின் ஒருவராக வந்திருக்கிறார்கள். எவரும் தமக்கு முன்னும் பின்னும் நிற்பவர்களை முழுமையாக அறிந்ததில்லை.

காலின் மெக்கன்சியின் கதையும் இந்த வரிசையைச் சேர்ந்ததே. ஸ்காட்லாந்தின் வடமேற்குத் தீவொன்றில் பிறந்து, கம்பெனியின் நில அளவைப் பணியில் தென்னாடு முழுவதும் நடந்து, 1815இல் இந்தியாவின் முதல் தலைமை நில அளவையாளரான அவருக்கு இந்த நாட்டு மொழிகள் வராது. போரய்யா, லட்சுமய்யா, ராமசாமி என்ற காவலி சகோதரர்களும் அவர்களைப் போன்ற உள்ளூர் உதவியாளர்களும் ஊர் ஊராகச் சென்று கணக்குப்பிள்ளைகளிடமும் அர்ச்சகர்களிடமும் முதியவர்களிடமும் கேட்டு எழுதினார்கள். 1821இல் மெக்கன்சி இறந்தபோது எட்டாயிரத்துக்கும் அதிகமான கல்வெட்டுப் படிகளும், ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட நாணயங்களும், இரண்டாயிரத்து அறுநூறுக்கும் மேற்பட்ட ஓவியங்களும் சேர்ந்திருந்தன. மனைவியிடமிருந்து ஒரு லட்சம் ரூபாய்க்கு அரசு அவற்றை வாங்கியது. கைஃபியத்துகள் எனப்படும் அந்த ஊர் வரலாற்றுக் குறிப்புகள் இன்று சென்னை கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் இருக்கின்றன, ஓவியங்கள் லண்டனில். அவற்றில் அமராவதித் தூபியின் சிற்பங்களை 1816 முதல் அளந்து வரைந்த தொகுப்பு கலை வரலாற்றுக்கு ஈடில்லாதது. அந்தத் தூபியின் கற்களை ஊர் ஜமீந்தார் கட்டட வேலைக்கு எடுத்துக்கொண்டிருந்தார். நடுமேட்டைத் தோண்டிக் குளம் வெட்டிக்கொண்டிருந்தார்கள். வரையப்பட்ட பலகைகளில் பல பிறகு யார் கண்ணுக்கும் படவில்லை. காகிதத்தில் உள்ள கோடுகளே இன்று அந்தச் சிற்பங்கள். மெக்கன்சியின் பெயரை நாம் நன்றியோடு சொல்ல வேண்டும். காவலி சகோதரர்களின் பெயரை அதே மூச்சில் சொல்லத் தவறுவது நியாயமாகாது.

தனி மனிதர் ஒருவரின் நாட்குறிப்புக்கும் இதே கதைதான். புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்ஸின் துபாஷியாக (மொழிபெயர்ப்பாளராக) இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 ஜனவரியில் தாம் இறக்கும் வரை, பேச்சுத் தமிழில், கப்பல் வந்ததையும் கடன் பட்டதையும் கனவு கண்டதையும் எழுதி வைத்தார். அவர் இறந்த சில நாட்களில் நகரம் ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது. அந்தக் குறிப்பேடுகள் வீட்டிலேயே கிடந்து, 1846இல்தான் கலுவா மொம்பிரன் என்ற பிரெஞ்சுக்காரரின் கண்ணில் பட்டன. சென்னை அரசு 1904 தொடங்கி 1928 வரை ஆங்கிலத்தில் 12 தொகுதிகளாக வெளியிட்டது. தமிழில் எழுதப்பட்டதை ஆங்கிலத்தின் வழியே மேற்கோள் காட்டுவது நெடுங்காலம் நம் ஆய்வுலகின் வழக்கமாக இருந்தது என்பதை வருத்தத்தோடுதான் பதிவுசெய்ய வேண்டியிருக்கிறது. பிள்ளையின் வாக்கியத்தில் உள்ள தயக்கம், குத்தல், பெருமூச்சு எதுவும் மொழிபெயர்ப்பில் அப்படியே இறங்குவதில்லை. மூலத்திடம் போக வேண்டும் என்று சொல்வதன் காரணம் இதுதான்.

மூலத்திடம் போவது கடினம் என்பதைவிட, போனபிறகு அது சொல்வதை மட்டும் கேட்பது கடினம். காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடியில் ராஜராஜனின் 2ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. பாண்டியன் தலைகொண்ட கரிகால சோழனை, அதாவது ராஜராஜனின் அண்ணன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகளான ரவிதாசன், சோமன், பரமேஸ்வரன் ஆகியோரைக் குறிப்பிட்டு, அவர்களைச் சேர்ந்தவர்களிடமிருந்து பறிக்கப்பட்ட நிலம் விலைக்குப் போனதை அது பேசுகிறது. அது ஒரு நில ஆவணம். கொலைக்கான காரணத்தை அது சொல்லவில்லை. நீலகண்ட சாஸ்திரியார், ராஜராஜனுக்கு முன் ஆண்ட உத்தம சோழன்மேல் ஐயம் கொண்டார். சதாசிவப் பண்டாரத்தார் அதை மறுத்தார். கல்கி அந்த வெற்றிடத்தில் ஒரு பெருநாவலையே எழுப்பினார். இன்று நம்மில் பெரும்பாலோர் மனத்தில் இருப்பது நாவல், கல் அல்ல. நாவல் செய்த நன்மையை மறுப்பதற்கில்லை, லட்சக்கணக்கானவர்களைச் சோழ நாட்டுக்கு அழைத்துச் சென்றது அது. ஆனால் உடையார்குடிச் சுவரின் முன் நிற்கும்போது கல்கியை வெளியே நிறுத்திவைக்கும் பழக்கம் ஆய்வாளருக்கு வேண்டும். பெரிய கோயிலின் ஓவியங்களில் ராஜராஜனும் கருவூர்த் தேவரும் என்று பாடநூல்களில் அச்சாகிறதே, அந்த உருவங்களுக்குக் கீழே எந்தப் பெயரும் எழுதப்பட்டிருக்கவில்லை. அது அறிஞர்களின் ஊகம். மதிக்கத்தக்க ஊகமாக இருக்கலாம். ஊகம் என்று சொல்லிவிட்டு மேலே போவதே முறை. விமானத்தின் நிழல் தரையில் விழாது என்றும், உச்சியில் இருப்பது 80 டன் எடையுள்ள ஒற்றைக்கல் என்றும் கைப்பேசிகளில் சுற்றும் செய்திகள் தலபுராணத்துக் கரிகாலனின் இன்றைய வடிவங்கள். நிழல் விழுகிறது, உச்சி பல கற்களால் இணைக்கப்பட்டது. கல்லே இவ்வளவு பேசும் இடத்தில் கட்டுக்கதைக்கு என்ன தேவை என்று கேட்கத் தோன்றுகிறது. வாசிப்பவர்கள் குறையும் காலத்தில் கதை வளர்கிறது என்பதே முன்பு நடந்தது, இப்போது நடப்பதும் அதுவே.

கல்வெட்டு எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்றும் எண்ண வேண்டாம். கொடுத்தவர்களின் குரலே அதில் ஓங்கி ஒலிக்கிறது. நெல்லை அளந்தவர்களின் பெயர் கிடைக்கும். அந்த நெல்லை விளைவித்தவர்களின் சொந்தச் சொல் எங்கும் கிடைக்காது. நானூறு பெண்களின் பெயரும் வீட்டெண்ணும் தெரிகிறது. தம் ஊரை விட்டுத் தஞ்சைக்கு வந்தபோது அவர்கள் என்ன நினைத்தார்கள் என்பதற்கு ஓர் எழுத்தும் இல்லை. அந்த மௌனத்தையும் சேர்த்தே வாசிக்கத் தெரிந்தவர்கள்தாம் நல்ல வரலாற்றாசிரியர்கள்.

அரசர்கள் எழுதியதை அரசுகள் காத்தன. மற்றவற்றைத் தனி மனிதர்களே காத்தார்கள். கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதும் ஓவியராக இருந்த ரோஜா முத்தையா செட்டியார், நாடக நோட்டீசு முதல் பழைய நூல்கள் வரை மற்றவர்கள் எடைக்குப் போட்டதை எல்லாம் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகத்தின் துணையோடு அது சென்னையில் ஆய்வு நூலகமாக நிலைபெற்றது. நூறாண்டுக்கு முந்திய தமிழர்கள் என்ன படித்தார்கள், எதைப் பார்த்துக் கைதட்டினார்கள் என்று எழுத விரும்பும் எவரும் இன்று அங்கேதான் போக வேண்டும். இதற்கு நேரெதிரான காட்சி யாழ்ப்பாணத்தில் நடந்தது. 1981ஆம் ஆண்டு மே கடைசியில் ஆரம்பித்த வன்முறையின்போது யாழ் பொது நூலகம் எரிக்கப்பட்டது. 97,000 நூல்களும் சுவடிகளும் போயின என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அச்சு நூல்கள் வேறெங்காவது இருக்கும். ஒரே ஒரு படி மட்டும் இருந்த சுவடிகளுக்கு அந்த ஆறுதல் இல்லை. நூலகம் மீண்டும் வெள்ளையடித்து எழுந்து நிற்கிறது. சாம்பலான ஏடுகளில் எழுதியிருந்தது என்ன என்று சொல்ல ஒரு பட்டியலாவது பல ஊர்களில் வைக்கப்பட்டிருந்தால் இன்றைய தலைமுறையின் துயரம் சற்றுக் குறைந்திருக்கும்.

படியின் வலிமை என்ன என்பதற்கு அண்மைக்காலச் சான்று ஒன்று போதும். புதுச்சேரியின் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1956 முதல் தென்னாட்டுக் கோயில்களைப் படம்பிடித்து வந்தது. அப்போது அதைக் கவனித்தவர்கள் குறைவு. அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தானில் பூட்டிக் கிடந்த கோயிலிலிருந்து நடராசர் திருமேனி களவுபோய், 2008இல் ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் அதை ஏறத்தாழ 50 லட்சம் டாலருக்கு வாங்கியது. பழம்பொருள்களை நாட்டைவிட்டுக் கொண்டுபோவதைத் தடுக்கும் 1972ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு முன்பே அது இந்தியாவிலிருந்து வெளியேறியதாகக் காட்டும் தாள்களை விற்றவர் கொடுத்திருந்தார். பார்க்க முறையான ஆவணங்கள், அனைத்தும் பொய். அதே நடராசர் 1994இல் ஸ்ரீபுரந்தானில் நிற்பதைப் புதுச்சேரிப் படம் காட்டியது. 2014இல் திருமேனி இந்தியாவுக்குத் திரும்பியது. விருத்தாசலத்து அர்த்தநாரீஸ்வரரும் அவ்விதமே 1974இல் எடுத்த படத்தின் சாட்சியத்தால் திரும்பி வந்தார். ராஜராஜன் தன் செப்புத் திருமேனிகளின் உயரத்தை விரற்கடை வரை அளந்து கல்லில் எழுதியதற்கும் ஒரு புகைப்படக்காரர் பெயர், ஊர், ஆண்டு குறித்துப் படத்தை அடுக்கி வைத்ததற்கும் இடையே நோக்கத்தில் வேறுபாடு இல்லை. அந்தக் கல் கணக்குச் சொல்லும் திருமேனிகளில் இன்று எஞ்சியவை மிகச் சிலவே என்பதும் அந்தக் கணக்கு இருப்பதால்தான் நமக்குத் தெரிகிறது.

இன்றைய ஆய்வாளருக்கு வசதிகள் பெருகியிருக்கின்றன. தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையைத் திரையில் புரட்டலாம்; லண்டனிலுள்ள ஓவியத்தை வீட்டிலிருந்தே பார்க்கலாம். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் தூசியைத் தட்டிக்கொண்டு கட்டுகளைப் பிரித்த தலைமுறை இதைக் கனவிலும் கண்டிருக்காது. ஆயினும் பழைய நோய் புதிய இடத்தில் தொடர்கிறது. யார் எடுத்தது, எப்போது எடுத்தது, எந்த ஊர் என்ற குறிப்பு இல்லாமல் படங்கள் கைமாறுகின்றன. மூன்றாவது கைக்குப் போகும்போது அவற்றின் சாட்சித்தன்மை தீர்ந்துவிடுகிறது. மைப்படி எடுக்கப்பட்ட தமிழ்க் கல்வெட்டுகளில் பெரும்பகுதி இன்னும் முழுப்பாடமாக அச்சேறவில்லை. ஈரத் தாளைக் கல்லில் ஒட்டித் தூரிகையால் அடித்து, மை ஒற்றி எடுத்த அந்தத் தாள்கள் சென்னையிலிருந்து உதகை, உதகையிலிருந்து மைசூர் என்று இடம்பெயர்ந்து முதுமையடைந்தன. மூலக் கற்களோ ஊர்களில் திருப்பணியின் பெயரால் தேய்கின்றன. அழுக்கு நீக்க மணலை வீசியடித்த சுவர்களில் எழுத்தின் விளிம்புகள் மழுங்கிப் போயிருப்பதையும், பளிங்கும் சுண்ணமும் பூச்சும் கல்வெட்டின் மேல் ஏறியிருப்பதையும் பார்த்து நிற்க வேண்டியிருக்கிறது. பக்தியோடு செய்த வேலைதான். செம்பியன் மாதேவியும் பக்தியோடுதான் செய்தார். அவர் படியெடுத்துவிட்டுப் பிரித்தார்.

ஆகவே இதை வாசிக்கிறவர்களிடம் கேட்பதற்குச் சில காரியங்கள் உண்டு. உங்கள் ஊர்க் கோயிலில் திருப்பணி நடக்கப்போகிறது என்று கேள்விப்பட்டால், வேலை தொடங்குமுன் அதிட்டானத்தையும் நிலைக்கால்களையும் ஓர் எழுத்தும் விடாமல் படம் எடுங்கள். தொல்லியல் துறைக்கும் அருகிலுள்ள கல்லூரியின் வரலாற்றுத் துறைக்கும் அனுப்புங்கள். வீட்டுப் பரணில் ஏடோ, பத்திரமோ, தாத்தாவின் கணக்குப் புத்தகமோ, ஆட்கள் இன்னாரென்று தெரியாத பழைய புகைப்படமோ இருந்தால், சொல்லத் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு, பெயரையும் ஊரையும் ஆண்டையும் தனித்தாளில் எழுதி அதனோடு வையுங்கள். படியெடுத்தால் எதிலிருந்து எடுத்தீர்கள் என்று குறிப்பிடுங்கள். திருக்கோடிக்காவின் சுவரில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அதைத்தான் செய்தார்கள்.